துண்டுக்குள் ஒரு கை

அவர் வாயால் வாக்குக் கொடுத்துக் கேட்டவர்கள் எங்கள் ஊரில் யாருமில்லை. அவரிடம் வாக்கு வாங்காதவர்களும் யாருமில்லை. இது எப்படி என்று கேட்டால், அவர் தோல் தரகர் என்பதுதான் பதில்.

தோல் மண்டியில் விலையை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். நாலு பேர் சுற்றி நிற்கிற இடம், சொன்னால் அடுத்தவனுக்குத் தெரிந்துபோகும். அதனால் தரகர் தன் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து, தன் கை மேலும் எதிராளி கை மேலும் போட்டு மூடிக்கொள்வார். உள்ளே விரலைப் பிடிப்பார். எத்தனை விரல், எந்தக் கணு என்பதில் விலை இருக்கிறது. எதிராளிக்குச் சம்மதமானால் உள்ளங்கையை ஓர் அழுத்து அழுத்துவான். வெளியே பார்க்கிறவனுக்கு இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது போல் இருக்கும். உள்ளே ஆயிரம் ஆட்டுத்தோல் கைமாறியிருக்கும். இதில் தப்பில்லை, வியாபாரத்துக்கு ஏற்பட்ட வழி. அவர் செய்த அநியாயம், அந்தத் துண்டோடு முனிசிபாலிட்டிக்குள் நுழைந்ததுதான்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில், பாலாற்றங்கரையில் எங்கள் ஊர். ஊர்ப் பெயரும் அவர் பெயரும் சொல்லப்போவதில்லை. அவருடைய பேரன்கள் இன்னும் அங்கே மரியாதையாக வாழ்கிறார்கள், பாட்டன் செய்ததற்கு அவர்கள் என்ன செய்வார்கள். அவர் சேர்மன், நான் மெம்பர். நான் ஓட்டு வாங்கி வந்த மெம்பர் அல்ல. சேரிக்கு ஓர் ஆள் இருக்கட்டும் என்று சர்க்கார் நியமித்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வாத்தியாராக இருந்தேன், கோட்டு ஒன்று வைத்திருந்தேன், அதனால் என்னைப் பிடித்துப் போட்டார்கள்.

அவருடைய கையைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆள் குள்ளம், ஒல்லி, நெற்றி நிறைய விபூதி. கை மட்டும் வேறு யாருடையதையோ இரவல் வாங்கி மாட்டியது மாதிரி பெரிதாக இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஒரு தோலைத் தடவுவார். இது வெள்ளாடு, இது செம்மறி, இது ஆலங்காயம் காட்டில் மேய்ந்தது, முள் கீறியிருக்கிறது பார் என்பார். ஒன்றுகூடத் தப்பாது. நானே பார்த்திருக்கிறேன், அந்தத் திறமையை மறுக்கமாட்டேன். ஆனால் தோலை அவ்வளவு வாஞ்சையாகத் தடவுகிற கை, அதை உரித்து உப்புப் போட்டு முதுகில் சுமந்து வந்த என் மாமனைத் தொடாது. மாமன் சுமையைக் கீழே போட்டுவிட்டு நாலு அடி தள்ளி நிற்கவேண்டும். செத்த ஆட்டில் தீட்டில்லை, உயிரோடு நிற்கிற ஆளில் தீட்டு. எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறதோ.

சேர்மன் ஆனபிறகும் அவருடைய வேலை நேரம் சந்தையில்தான் கழிந்தது. யார் எதைக் கேட்டுப் போனாலும் உட்காரச் சொல்வார், வெற்றிலை கொடுப்பார், துண்டைப் போடுவார், கையைப் பிடித்து அழுத்துவார். வந்தவன் சிரித்துக்கொண்டே வெளியே வருவான். என்னய்யா சொன்னார் என்று கேட்டால், "கைய குடுத்துட்டாரு" என்பான். நாலு மாதம் கழித்து ஒன்றும் நடக்காமல் போய்க் கேட்டால், "நான் எப்ப சொன்னேன்? வாயத் தெறந்தேனா?" என்பார். உண்மைதான், அவர் வாயைத் திறந்திருக்கமாட்டார்.

கீழத்தெருக்காரர்கள் ஒரு விளக்குக் கம்பம் கேட்டார்கள். கையைக் கொடுத்தார். மேலத்தெருக்காரர்களும் கேட்டார்கள். அவர்களுக்கும் கொடுத்தார். கம்பம் வந்தது ஒன்று. இரண்டு தெருக்காரர்களும் கடப்பாரையோடு வந்து நின்றார்கள். இவர் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு ஆளுக்குப் பாதி தூரம் அளக்கச் சொல்லி, நடுவில் இருந்த புளியமரத்தடியில் கம்பத்தை நடச் சொன்னார். அங்கே குடியிருந்தவை வௌவால்கள்தான். முனிசிபாலிட்டி மண்ணெண்ணெயில் அந்த வௌவால்கள் நாலு வருஷம் சௌகரியமாக வாழ்ந்தன.

இப்படிப்பட்டவரை ஊர் ஏன் வைத்துக்கொண்டிருந்தது என்று கேட்கலாம். அடுத்தவனை ஏமாற்றுவார், நம்மை மாட்டார் என்று ஒவ்வொருவனும் நினைத்தான். கையைப் பிடித்துவிட்டால் மனுஷனுக்கு ஒரு மயக்கம் வந்துவிடுகிறது. அதை நான் பழிக்கமாட்டேன். எனக்கும் வந்தது, பின்னால் சொல்கிறேன்.

என் கதைக்கு வருகிறேன். சபையில் எல்லோருக்கும் நாற்காலி, எனக்கு வாசல் ஓரமாக ஒரு முக்காலி. பக்கத்தில் அத்தர் வியாபாரி பாய் ஒருவர் தானாகவே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். மெம்பர்களில் எனக்குக் கை கொடுத்தவர் அவர் ஒருவர்தான். சேர்மன் மற்ற பதினாலு பேர் கையையும் துண்டுக்குள் பிடித்திருக்கிறார். என்னிடம் மட்டும் வாயால் பேசுவார், அதுவும் தூரத்தில் இருந்து. "பாக்கலாம் வாத்தியாரே." ஐந்து வருஷம் இந்த ஒரே பாட்டு.

நான் கேட்டதும் ஒரே ஒன்றுதான். எங்கள் தெருவுக்கு இருந்தது ஒரே கிணறு. அதற்கு மேல்புறம் தோல் ஷாப்பு. தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். சுண்ணாம்புக் குழித் தண்ணீரும் ஆவாரம்பட்டை ஊறின தண்ணீரும் வெளியே போக ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தார்கள். அது எங்கள் கிணற்றை உரசிக்கொண்டு போனது. முதலில் தண்ணீர் சிவந்தது, பிறகு நாறியது. சோறு வடித்தால் செங்கல் நிறத்தில் வந்தது. குழந்தைகளுக்கு வாயோரமெல்லாம் புண். பெண்கள் பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிதண்ணீர் சுமந்தார்கள். போக ஒரு மைல், வர ஒரு மைல். என் மனைவி இரண்டு பிள்ளைகளை வயிற்றில் வைத்துக்கொண்டு அந்த நடை நடந்தாள். வாய்க்காலை நூறு கஜம் தள்ளி வெட்டினால் தீர்ந்தது. ஷாப்பு முதலாளியும் ஒரு மெம்பர். அவர் நிலத்தில் இரண்டு குழி அளவு குறையும், அதற்கு அவருக்கு மனமில்லை. அவரைப் பகைத்துக்கொள்ளச் சேர்மனுக்கு மனமில்லை.

என் தொல்லை பொறுக்காமல் ஒரு நாள் சேர்மன் கிணற்றைப் பார்க்க வந்தார். மூக்கில் துண்டு. எட்டிப் பார்த்தார்.

"தண்ணி நல்லாத்தான இருக்குது? நெறம் கொஞ்சம் ஜாஸ்தி, அவ்ளோதான்."

என் மனைவி ஒரு செம்பில் மொண்டு எடுத்து வந்தாள்.

"நல்லா இருந்தா ஒரு வாய் குடிச்சிட்டுச் சொல்லு சாமி."

அவர் பதறி இரண்டு அடி பின்னால் போனார். "சேச்சே, உங்க கையால நான் எப்படிம்மா" என்றார். தீட்டு என்ற ஒன்று இருப்பதால் எங்களுக்கு வந்த கஷ்டங்கள் உலகத்துக்குத் தெரியும். அதனால் அவருக்குக் கிடைத்த உபகாரத்தை அன்றுதான் பார்த்தேன். அவள் செம்புத் தண்ணீரை அவர் கால்மாட்டில் கொட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவருக்குக் கேடு வந்தது எங்களால் அல்ல, சந்தைக் குத்தகையால். ஒரே சந்தைக்கு மூன்று பேரிடம் கை கொடுத்திருந்தார். மூன்று பேரும் ஒரே நாள், ஒரே நேரத்தில், நன்றி சொல்ல மாலையோடு வந்தார்கள். முனிசிபாலிட்டி வாசலில் ஒருவர் மாலையை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்ற காட்சியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். மூவரும் மெம்பர்களுக்கு மைத்துனன், மாமன் வகை. அன்று சாயங்காலமே அவர்மேல் நம்பிக்கை இல்லை என்று தீர்மானம் கொண்டுவருவதாகப் பேச்சு எழுந்தது. முன்னால் நின்று நடத்தியவர் நம் ஷாப்பு முதலாளி. இறக்கினால் அடுத்த சேர்மன் அவர்தான். இது எல்லோருக்கும் தெரியும்.

பதினாறு மெம்பரில் பன்னிரண்டு கை எழுந்தால் சேர்மன் இறங்கவேண்டும் என்று சொன்னார்கள். அவர்கள் பக்கம் பதினோரு பேர் சேர்ந்தார்கள். எல்லோருமே சேர்மனிடம் துண்டுக்குள் கை கொடுத்துப் பழகியவர்கள், அதனால் ஒருவனை ஒருவன் நம்பவில்லை. சத்தியம் வாங்கிவிட வேண்டும் என்று முடிவாயிற்று. பாய்மார்கள் நாலு பேர் பள்ளிவாசலில் சத்தியம் செய்தார்கள். மற்ற ஏழு பேரும் ஆற்றங்கரைக் கோவிலில் கர்ப்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யக் கிளம்பினார்கள். பன்னிரண்டாவது ஆளாக என்னையும் வண்டியில் ஏற்றிப் போனார்கள். கோவில் வாசல் வந்ததும்தான் அவர்களுக்கு ஞாபகம் வந்தது, நான் உள்ளே வரக்கூடாது என்று. நான் வெளியே மரத்தடியில் அவர்கள் செருப்புகளோடு நின்றேன். உள்ளே ஆசாமிகள் சத்தியம் செய்தார்கள், பொங்கல் சாப்பிட்டார்கள், வந்தார்கள். ஷாப்பு முதலாளி வண்டியில் ஏறிக்கொண்டே, "இன்னா வாத்தியாரே, நீ நம்ம பக்கந்தான?" என்றார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நான் கிறிஸ்து வேதத்தில் சேர்ந்திருந்தாலாவது ஒரு பைபிளைக் கொண்டுவந்து கட்டிப்போட்டிருப்பார்கள். சேரவில்லை. ஆக, பன்னிரண்டு கையில் சத்தியம் கட்டாத கை என்னுடையது ஒன்றுதான். அவர்களுடைய சாமியே என்னை விட்டுவைத்தார்.

இந்தச் சங்கதி சேர்மன் காதுக்கு எட்டாமல் இருக்குமா?

மீட்டிங்குக்கு முதல் நாள், பள்ளிக்கூடம் விட்ட நேரம். வாசலில் ஜட்கா வந்து நின்றது. இறங்கினவர் நேராக வேப்பமரத்தடிக்கு, என் அருகில் வந்தார். நாலு அடி இல்லை, ஓர் அடி.

"வாத்தியாரே, சௌக்கியமா இருக்கீங்களா?"

அதுவரைக்கும் வா, போ தான். இருக்கேங்க என்றேன். அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். யாருமில்லை. தோளில் இருந்த துண்டை எடுத்தார். என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும் முன்னே என் கை துண்டுக்குள் இருந்தது, அந்தப் பெரிய கை அதைப் பிடித்திருந்தது. வெதுவெதுப்பாக, மெத்தென்று இருந்தது.

"வாய்க்காலுங்களா?" என்றேன்.

"இந்த வருஷம் வேம்பு நல்லா பூத்திருக்குது இல்ல?" என்று மேலே பார்த்தார். உள்ளே ஓர் அழுத்து அழுத்தினார்.

இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஐந்து வருஷம் முக்காலியில் உட்கார்ந்தவன், இப்போதுதான் மெம்பர் ஆனதாக நினைத்தேன். பதிலுக்கு ஓர் அழுத்து அழுத்திவிடலாம் என்று விரல் துடித்தது. அப்போது, ஏன் துண்டு என்று மனசில் ஒரு கேள்வி வந்தது. விலையைக் கேட்டுவிட இங்கே மூன்றாவது ஆள் இல்லை. பக்கத்தில் போட்டிக்கு வியாபாரி இல்லை. இந்த மனுஷன் எதை மூடுகிறார்?

"துண்ட எடுத்துடுங்க" என்றேன்.

"இன்னாது?"

"நாளைக்கு மீட்டிங்ல, அத்தினி பேரு முன்னாடியும் இந்தக் கைய இப்பிடியே புடிங்க. துண்டு வேணாம். வாய்க்காலத் திருப்பறேன்னு வாயால சொல்லுங்க. என் கை மேல எழும்பாது. பதினொண்ணோட நின்னுடும், நீங்கதான் சேர்மன்."

அவர் சிரித்தார். "அட, இதுக்கின்னா வாத்தியாரே, செஞ்சுட்டாப் போச்சு!" என்று கையை உருவிக்கொண்டார். வண்டி ஏறும்போது அந்தத் துண்டைத் தோளில் போடவில்லை. சுருட்டி வண்டிக்காரனிடம் கொடுத்தார். நான் பார்த்தேன். பார்க்காதவன் மாதிரி நின்றேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மீட்டிங். தீர்மானம் சேர்மன்மேல் என்பதால் நடத்திக்கொடுக்க வேலூரில் இருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். சன்னல்களில் எல்லாம் ஆட்கள். எங்கள் தெருவில் இருந்தும் இருபது பேர் வந்து வெளியே வெயிலில் நின்றார்கள். சேர்மன் சரிகைக் கரை போட்ட புதுத் துண்டு அணிந்திருந்தார். முகத்தில் கவலை இல்லை. யாரைப் பார்த்தாலும் புன்னகைத்தார்.

தீர்மானத்தைப் படித்துவிட்டு, ஆதரிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார் அதிகாரி. கைகள் எழுந்தன. பதினொன்று. என் கை மடியில் இருந்தது. எல்லாத் தலைகளும் வாசல் பக்கம் திரும்பின. ஷாப்பு முதலாளியின் கண் சிவந்தது. "இன்னாய்யா, கைய தூக்கு!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

நான் எழுந்தேன். இரண்டு அடி முன்னால் வந்து சேர்மனுக்கு நேராக வலது கையை நீட்டினேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை, பேனாவோடு என்னையே பார்த்தார்.

சேர்மன் எழுந்தார். வந்தார் என்பதைச் சொல்லவேண்டும், உட்கார்ந்தே இருந்துவிடவில்லை. மேசையைச் சுற்றிக்கொண்டு, பதினாலு மெம்பர்களையும் தாண்டி, எனக்கு எதிரே வந்து நின்றார். என் கையைப் பார்த்தார். சன்னலைப் பார்த்தார், அங்கே அவருடைய தம்பி இருந்தான், சம்பந்தி இருந்தார், கோவில் தர்மகர்த்தா இருந்தார். ஒரே ஒரு பிடி. அவருக்கு அந்த நாற்காலி, எங்களுக்கு அந்தக் கிணறு. அவருடைய வலது கை எழுந்தது. பாதி வழியில் இடது கை தோளுக்குப் போனது. சரிகைத் துண்டு இறங்கி என் கையை மூடியது.

அவர் வேண்டுமென்று செய்தாரா, பழக்கத்தில் வந்ததா என்று எனக்கு இன்றும் தெரியாது. சபையில் யாரோ சிரித்தார்கள். "அட அல்லா, துண்ட எடுங்க சாமி!" என்று அத்தர் பாய் கத்தினார். துண்டுக்குள் அவர் விரல்கள் என்னைத் தேடிக்கொண்டு வந்தன. நான் கையைத் தலைக்கு மேலே தூக்கினேன். துண்டும் கையோடு மேலே போய்ப் பிறகு என் முழங்கையில் சரிந்து தொங்கியது. பன்னிரண்டு என்று எண்ணி எழுதினார் அதிகாரி.

எங்கள் ஆட்கள் என்னைத் தெருவரைக்கும் ஊர்வலமாகவே கூட்டிவந்தார்கள். நான் அவர் முகம் போன போக்கை நடித்துக் காட்டினேன், தெருமுனையில் ஒரு தடவை, வீட்டு வாசலில் ஒரு தடவை. சிரித்துச் சிரித்துச் சிலருக்குக் கண்ணில் நீர் வந்தது. அப்போது என் மனைவி ஆற்றில் இருந்து வந்தாள். தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம். அவளுக்காக மூன்றாம் தடவை முழுவதும் சொன்னேன். குடத்தை இறக்காமலே கேட்டாள்.

"செரி. அடுத்த சேர்மன் யாரு?"

"ஷாப்பு மொதலாளிதான்."

"வாய்க்காலத் திருப்பறேன்னு அந்தாளு சொல்லிட்டாரா?"

"இல்ல."

"நீ கேட்டியா?"

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள்.

"உன் கைக்கு அந்தாளும்தான காத்துனு இருந்தாரு? தூக்கறதுக்கு முன்னாடி அவர ஒரு வார்த்த கேட்டிருந்தா, அந்த நேரத்துக்கு இன்னா வேணும்னாலும் சொல்லியிருப்பாரே. இவரு உன் கைய புடிச்சா இன்னா, புடிக்காங்காட்டி இன்னா? நாங்க அஞ்சு வருஷமா கேட்டது தண்ணிய்யா."

இரண்டு குடத்தையும் தொட்டியில் கவிழ்த்தாள். அடுத்த நடைக்கு ஆற்றுக்குக் கிளம்பினாள். இவ்வளவு நேரம் தரகரை ஏசினேனே, அன்று அந்தச் சபையில் தண்ணீரை மறந்தவர்கள் இரண்டு பேர். அடுத்த வாரம் ஷாப்பு முதலாளி சேர்மன் ஆனார். வாய்க்கால் போன வழியே போனது.